உலையின் உள்ளம் அறியும் கருவிகள்

(நிலக்கரி எரிப்பை அளத்தலும் ஆளுதலும் பற்றிய ஒரு பாடம்)

எரிகிற விளக்கானாலும் தூண்டுகோல் ஒன்று வேண்டும் என்பது நம்மவர் பழமொழி. விளக்குக்குத் தூண்டுகோல் எத்தகையதோ அடுப்புக்கு ஊதுகுழல் அத்தகையது. எம் அன்னையர் அடுப்படியிலே அமர்ந்து, புகை கண்ணைக் கரித்தபோது குழலை எடுத்து ஊதினர். சுவாலை சீறி எழுந்து பானையின் கழுத்தைத் தாண்டியபோது ஒரு கொள்ளியை வெளியே இழுத்தனர். இச்சிறு செயலிலே இரண்டு கருமங்கள் அடங்கியுள்ளன. ஒன்று அறிதல், மற்றொன்று ஆளுதல். கண் அறிந்தது; கை ஆண்டது. இன்று புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையிலே மலைபோற் குவிந்த நிலக்கரியை விழுங்கி எரியும் பேருலைகளின் முன்னும் நடைபெறுவன இவ்விரு கருமங்களே. ஆயின் அவ்வுலையினுட் கண் புகாது, கை நீளாது. கண்ணுக்கும் கைக்கும் பதிலாக ஆங்கு நிற்கும் கருவிகள் யாவை, அவை எவ்வாறு தொழிற்படுகின்றன, அவற்றை எவ்வளவுக்கு நம்பலாம் என்பனவற்றை மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருதானையும் நிலக்கரியும்

நிலக்கரி மருதானைக்குப் புதியதன்று. 1865ஆம் ஆண்டிற் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரையிலான புகையிரதப் பாதை திறக்கப்பட்டதன் பின்னர், பல தலைமுறைகளாக மருதானையின் காற்றிலே கரிப்புகை கலந்திருந்தது. அயலிலுள்ள தெமட்டகொடைக் கொட்டகையிலே நீராவி இயந்திரங்கள் இளைப்பாறின. 1893இல் மருதானையிலே தொடங்கிய தொழினுட்பக் கல்லூரியிற் பயின்ற இளைஞர், பாடப் புத்தகத்திலே கண்ட கொதிகலனைத் தண்டவாளத்தின் மீது நேரிலே கண்டனர். 1954ஆம் ஆண்டிலே கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கியபின், நீராவியின் ஆட்சி படிப்படியாக ஒடுங்கிற்று.

அந்நீராவி இயந்திரத்தின் சாரதிக்குத் துணைநின்ற கருவிகள் மிகச் சிலவே. ஒன்று, பிரான்சு தேசத்துப் பூர்டன் என்பார் 1849இல் உரிமை பெற்ற அமுக்கமானி. தட்டையாக நசுக்கி வில்போல் வளைத்த ஒரு செப்புக்குழாய், உள்ளே அமுக்கம் ஏறும்போது நிமிர முயல்கின்றது. அந்நிமிர்வு பற்சில்லொன்றின் மூலம் ஒரு முள்ளைச் சுழற்றுகின்றது. மற்றொன்று, கொதிகலனின் நீர்மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய். இவ்விரண்டினும் சிறந்த மூன்றாவது கருவி, தீ வளர்ப்போனின் கண்ணே எனலாம். புகைபோக்கியிலிருந்து கரும்புகை எழுமாயின் காற்றுப் போதாது என்றும், புகையே தோன்றாவிடிற் காற்று மிஞ்சிற்று என்றும், மெல்லிய சாம்பனிறப் புகையே நற்குறி என்றும் அவன் அறிந்திருந்தான். அவனுடைய அவ்வறிவு எத்துணை நுட்பமானது என்பதை இரசாயனம் நமக்குக் காட்டும்.

காற்றின் கணக்கு

நிலக்கரியின் பெரும்பகுதி காபன். 12 கிலோகிராம் காபன் முற்றாக எரிதற்கு 32 கிலோகிராம் ஒட்சிசன் வேண்டும். அதன் பயனாக 44 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக் கிடைக்கும். காற்றின் திணிவிலே ஒட்சிசன் நூற்றுக்கு 23 பங்கு எனக் கொண்டால், ஒரு கிலோகிராம் காபனுக்கு ஏறத்தாழ 11½ கிலோகிராம் காற்று வேண்டும் என்பதை மாணவர் தாமே கணித்துக் கொள்ளலாம்.

காற்றுக் குறைந்தால் யாது நிகழும்? காபன், காபனீரொட்சைட்டாக மாறாது காபனோரொட்சைட்டாக நின்றுவிடும். ஒரு கிலோகிராம் காபன் முற்றாக எரியும்போது ஏறத்தாழ 33 மெகாயூல் வெப்பம் வெளிப்படுகின்றது. அது காபனோரொட்சைட்டாக நின்றுவிடின் வெளிப்படுவது ஏறத்தாழ 9 மெகாயூல் மாத்திரமே. எஞ்சிய வெப்பம், நாம் விலை கொடுத்து வாங்கிய வெப்பம், கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயுவின் வடிவிலே புகைபோக்கி வழியே வெளியேறுகின்றது.

அங்ஙனமாயின் காற்றை வேண்டுமளவினும் மிகுதியாகச் செலுத்திவிட்டால் என்ன எனச் சிலர் வினாவக்கூடும். அதுவும் நட்டமே. மிகையான காற்று எரிப்பிற் பங்கெடாது, குளிர்ந்து உள்ளே வந்து, சூடேறி வெளியே போகின்றது. வீட்டுக்கு வந்த விருந்தாளி எவ்வேலையும் செய்யாது உண்டு செல்வது போன்றது அதன் செயல். ஆதலின், குறைவுக்கும் மிகைக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய பாதையிலே காற்றை நடத்துதலே எரிப்பு ஆளுகையின் முதற் பாடமாகும்.

இதனை நம் நாட்டு உலையொன்றுக்குப் பொருத்திப் பார்ப்போம். நுரைச்சோலையிலே இலங்கை மின்சார சபை கட்டுவித்த இலக்விஜய மின்னிலையத்தின் முதல் அலகு 2011ஆம் ஆண்டிலே தொழிற்படத் தொடங்கிற்று; 2014இல் மூன்று அலகுகளும் நிறைவுற்றன. ஒவ்வோர் அலகின் கொள்ளளவும் 300 மெகாவாற்று. நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு 38 பங்கு மின்னாக மாறுகின்றது என்றும், ஒரு கிலோகிராம் நிலக்கரி 25 மெகாயூல் தருகின்றது என்றும் கொள்வோமாக. அப்போது முழு வலுவில் ஓடும் ஓர் அலகுக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 32 கிலோகிராம், அஃதாவது மணிக்கு ஏறத்தாழ 114 தொன் நிலக்கரி வேண்டும். ஒவ்வொரு கிலோகிராம் நிலக்கரிக்கும் சுமார் 10 கிலோகிராம் காற்று எனின், மணிக்கு ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட காற்று அவ்வுலையினுட் புகவேண்டும். நிலக்கரி உலை என நாம் அழைப்பது உண்மையிலே ஒரு காற்று உலையே.

இனி, வேண்டியதற்கு மேலாக நூற்றுக்கு 10 பங்கு காற்று வீணே சென்றதெனக் கொள்வோம். ஒரு கிலோகிராம் நிலக்கரிக்கு ஏறக்குறைய 0.85 கிலோகிராம் மிகைக்காற்று, வெளிக்காற்றினும் 100 பாகை மிகுந்த வெப்பநிலையிற் புகைபோக்கியை அடைகின்றது. அது கொண்டுசெல்லும் வெப்பம் சுமார் 85 கிலோயூல்; அஃதாவது நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு. இஃது அற்பமெனத் தோன்றும். ஆயின் ஒரு நாளைக்குக் கணக்கிடின், ஓர் அலகிலே 9 தொன் நிலக்கரி காற்றோடு போகின்றது. இந்நாட்டிலே நிலக்கரி விளைவதில்லை, கப்பலில் வருவது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே நுரைச்சோலைக் கடல் கொந்தளிப்பதால், ஆழ்கடலிலே நிற்கும் கப்பலிலிருந்து பாரப் படகுகளில் நிலக்கரியை இறக்குதல் அப்போது இயலாது. ஆண்டின் எஞ்சிய மாதங்களில் இறக்கியதைக் கொண்டே காலங்கழிக்க வேண்டும். அந்நியச் செலாவணி இன்றி நாடு தவித்த 2022ஆம் ஆண்டை மறவாதோர்க்கு 9 தொன்னின் பெறுமதியை விளக்கவேண்டுவதில்லை.

ஒட்சிசனை அளக்கும் சான்றாளர்

காற்றின் அளவு சரியோ என அறிதற்கு உள்ளே செல்லும் காற்றை அளப்பதிலும், வெளியே வரும் புகைவாயுவைச் சோதிப்பதே சிறந்த வழி. பழைய முறையிலே இதற்கு ஓர்சாற் உபகரணம் பயன்பட்டது. புகைவாயுவின் 100 கனசென்றிமீற்றரை எடுத்து, முதலிற் பொற்றாசியமைதரொட்சைட்டுக் கரைசலினூடு செலுத்தினாற் காபனீரொட்சைட்டு உறிஞ்சப்படும். அடுத்துக் காரப் பைரோகலோல் ஒட்சிசனை உறிஞ்சும். ஈற்றில் அமோனியா கலந்த குப்பிரசுக் குளோரைட்டு காபனோரொட்சைட்டை உறிஞ்சும். ஒவ்வொரு முறையும் கனவளவு எவ்வளவு குறைந்தது என்பதே விடை. இம்மூன்று கரைசல்களின் வரிசை மாறலாகாது. காரப் பைரோகலோல் காபனீரொட்சைட்டையும் உறிஞ்சுமாதலின், அதனை முன்வைப்பின் விடை பிழைத்துவிடும். பள்ளி ஆய்வுகூடத்திலேயே செய்துபார்க்கத்தக்க அழகிய சோதனை இது. ஆயின் ஒரு முறை சோதிக்கப் பல நிமிடங்கள் செல்லும். உலையோ செக்கனுக்குச் செக்கன் மாறுவது.

இக்குறையைத் தீர்த்தது சேர்க்கோனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்மட்பொருள். இதனோடு சிறிதளவு இற்றியம் ஒட்சைட்டைச் சேர்த்து, 700 பாகைக்கு மேற் சூடேற்றினால், அதனூடு ஒட்சிசன் அயன்கள் இயங்கக்கூடியனவாகின்றன. செருமானிய அறிஞர் நேர்ண்ஸ்ற் இத்தகைய கலவையாலான கோலொன்றைக் கொண்டு 1897ஆம் ஆண்டிலே மின்விளக்கொன்று செய்தார். அவ்விளக்கு வழக்கொழிந்தது, அப்பொருளோ உலைக்குட் புகுந்து நிலைபெற்றது. சேர்க்கோனியக் குழாயின் ஒரு பக்கம் வெளிக்காற்றும் மறுபக்கம் புகைவாயுவும் நிற்க, இரு பக்கத்து ஒட்சிசன் அளவுகளின் வேறுபாட்டுக்கேற்ப ஒரு மின்னியக்க விசை பிறக்கின்றது. நேர்ண்ஸ்ற்றின் சமன்பாட்டின்படி, 727 பாகை வெப்பநிலையிலே புகைவாயுவில் ஒட்சிசன் நூற்றுக்கு 3½ பங்காயின், அவ்விசை ஏறத்தாழ 38 மில்லிவோற்று. இங்கு ஒரு புதுமையைக் காண்க. ஒட்சிசன் குறையக் குறைய விசை கூடுகின்றது. பொருள் எங்கே அருகுகின்றதோ அங்கே இக்கருவியின் குரல் ஓங்குகின்றது.

ஒட்சிசனின் அளவு தெரிந்தால் மிகைக்காற்றையும் கணிக்கலாம். புகைவாயுவின் ஒட்சிசன் நூற்றுவீதத்தை, 21இலிருந்து அதனைக் கழித்துவந்த எண்ணால் வகுத்தல் வேண்டும். 3½ஐ 17½ஆல் வகுக்க ஐந்திலொன்று. அஃதாவது நூற்றுக்கு 20 பங்கு மிகைக்காற்று. நிலக்கரித் தூளை எரிக்கும் உலைகளுக்கு ஏறக்குறைய இவ்வளவே பொருத்தமானது.

வெப்பத்தை அளத்தல்

கொழும்புச் செட்டியார் தெருவிலே பொற்கொல்லர் உமியோட்டின் முன் அமர்ந்து, ஊதுகுழலால் ஊதிப் பொன்னை உருக்கும் காட்சியைக் கண்டோர் பலர். அவர் வெப்பமானி எதனையும் வைத்திருப்பதில்லை. பொருளின் நிறமே அவருக்கு வெப்பமானி. மங்கிய சிவப்பு, செஞ்சிவப்பு, செம்மஞ்சள், வெண்மை என நிறம் ஏற ஏற வெப்பநிலையும் ஏறுகின்றது. ஒளியியல் தீமானி என்னும் கருவி இதே நெறியிற் செய்யப்பட்டது. அதனுள்ளே ஒரு மெல்லிய மின்னிழை ஒளிர்கின்றது. உலையின் ஒளியும் இழையின் ஒளியும் ஒத்தபோது இழை கண்ணுக்கு மறைந்துவிடும். அப்போது இழையிற் செல்லும் மின்னோட்டம் வெப்பநிலையைக் கூறும். கொல்லரின் கண்ணுக்கு அளவுகோல் பொருத்தியது போன்றது இக்கருவி.

கொதிகலக் குழாய்களின் வெப்பநிலையை அளத்தற்கு வெப்பவிணை பயன்படுகின்றது. இரு வேறு உலோகக் கம்பிகளை முனையிலே பிணைத்து அம்முனையைச் சூடாக்கின் மின்னியக்க விசை தோன்றும் என்பதைச் சீபெக்கு 1821இலே கண்டார். 1880களிலே லெ சாற்றலியே பிளாற்றினத்தையும் உரோடியம் கலந்த பிளாற்றினத்தையும் பிணைத்து உயர் வெப்பநிலைகளை நம்பகமாக அளந்தார். இக்காலத்திலே நிக்கல், குரோமியக் கலப்புலோகக் கம்பிகளாலான மலிவான விணைகள் பெரிதும் வழங்குகின்றன. அவை பாகையொன்றுக்கு ஏறத்தாழ 41 மைக்கிரோவோற்று வீதம் தருகின்றன; 540 பாகை நீராவியைத் தொடும்போது 22 மில்லிவோற்று. மின்சூள் விளக்கொன்றை இமைக்கச் செய்யவும் போதாத இம்மின், பல தொன் உருக்கைக் காக்கின்றது. எங்ஙனமெனின், நீராவிக் குழாய்கள் தமக்கு விதிக்கப்பட்ட வெப்பநிலையைச் சில பத்துப் பாகை கடந்து நெடுநேரம் நிற்பின் அவற்றின் ஆயுள் விரைவிலே தேயும்; ஈற்றில் வெடிக்கும்.

நீர்மட்டமும் உலை அமுக்கமும்

கொதிகலத்தில் நீர்மட்டம் தாழ்ந்தாற் குழாய்கள் வறண்டு உருகும். உயர்ந்தால் நீர்த்துளிகள் சுழலியின் அலகுகளைத் தாக்கும். ஆதலின் நீர்மட்டம் இரு கேடுகளுக்கு இடைப்பட்டது. இதிலே ஒரு விசித்திரம் உண்டு. நகரிலே மின்தேவை திடீரெனக் கூடி நீராவி விரைந்து வெளியேறின், கலத்தினுள் அமுக்கம் குறையும். அமுக்கம் குறையவே நீரிலுள்ள குமிழிகள் பருத்து மட்டம் உயர்வதுபோற் காட்டும். மெய்யாகவே நீர் குறைந்துகொண்டிருக்க, மட்டம் உயர்கின்றது! மட்டத்தை மாத்திரம் பார்த்து நீரைக் குறைப்பவன் கொதிகலனைக் கொல்வான். எனவே, நீர்மட்டம், வெளியேறும் நீராவியின் பாய்ச்சல், உட்புகும் நீரின் பாய்ச்சல் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கி நீரைச் செலுத்துவர். ஒருவன் சொல்லைக் கேட்டு வழக்குத் தீர்க்கலாகாது என்னும் நீதி இங்கும் செல்லும்.

உலையினுள்ளே காற்றைத் தள்ளும் விசிறிகளும், புகைவாயுவை இழுக்கும் விசிறிகளும் உள. இவ்விரண்டும் ஒத்திசைந்து, உலையின் அமுக்கத்தை வெளிக்காற்றிலும் மிகச் சிறிதளவு, நீர்நிரல் 5 முதல் 10 மில்லிமீற்றர் வரை, குறைவாக வைத்திருக்கும். அமுக்கம் கூடினால் தீநாக்கு இடுக்குகளினூடே வெளியே பாயும். மிகக் குறைந்தாற் சுவர்கள் உள்ளே வளையும். கைவிரல் அகலத்து நீரின் அமுக்கமே பத்து மாடிக் கட்டடத்தினும் உயர்ந்த உலையின் நலத்தைத் தீர்மானிக்கின்றது.

சுவாலையின் காவலன்

நிலக்கரியை மாவாக அரைத்துக் காற்றோடு ஊதி எரிக்கும் உலையிலே பேராபத்து, தீ எரிவதன்று. தீ அணைந்ததை அறியாது நிலக்கரித் தூளைத் தொடர்ந்து ஊதுவதே. எரியாத தூளும் வாயுவும் உலையை நிரப்ப, எங்கேனும் ஒரு பொறி பட்டால் முழுவதும் ஒருங்கே வெடிக்கும். இதனைத் தடுத்தற்குச் சுவாலை காண்கருவி என்பதொன்று ஒவ்வோர் எரிவாயிலுக்கும் உண்டு. சுவாலை ஓயாது துடிப்பது. சூடேறிய சுவரோ துடிப்பின்றி ஒளிர்வது. கருவி ஒளியின் துடிப்பை நோக்கிச் சுவாலை வேறு, சுவர் வேறு எனப் பிரித்தறிகின்றது. சுவாலை மறைந்ததெனின் சில செக்கன்களுள் எரிபொருள் முழுவதும் தானாகவே நிறுத்தப்படும். மீண்டும் தீமூட்டுமுன், முழு அளவின் காற்பங்குக்குக் குறையாத காற்றை 5 நிமிடமேனும் செலுத்தி உலையை வெறுமையாக்குதல் பொதுவிதி. அவசரப்படுவோர் இவ்விதியை வெறுப்பர். இவ்விதியோ அவசரப்படுவோரைக் காத்தற்கென்றே இயற்றப்பட்டது.

கொதிகலத்தின் கோபம் எத்தகையது என்பதைத் தமிழகம் அறியும். 1962ஆம் ஆண்டிலிருந்து பழுப்பு நிலக்கரியால் மின் பிறப்பிக்கும் நெய்வேலியிலே, 2020 மே 7ஆம் திகதியும் யூலை 1ஆம் திகதியும் கொதிகல விபத்துகள் நேர்ந்து தொழிலாளர் பலர் மாண்டனர். கருவியைப் பற்றி எழுதுவோர் இலக்கங்களின் பின்னாலுள்ள இம்மனிதரை மறத்தலாகாது.

ஆளும் கலை

அறிதலைக் கூறினோம். இனி ஆளுதல். 1788ஆம் ஆண்டளவிலே ஜேம்ஸ் வாற்று நீராவி இயந்திரத்துக்குச் சுழலும் குண்டுகள் கொண்ட ஆளியைப் பொருத்தினார். வேகம் கூடினாற் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் ஒடுங்கி நீராவியைக் கூட்டும். 1868இலே மக்சுவெல் இத்தகைய ஆளிகளைக் கணிதத்தால் ஆராய்ந்தார். 1922இலே மினோர்ஸ்கி, கப்பலைத் தானாகச் செலுத்தும் முறையை ஆராய்ந்து, இன்று எவ்வுலையிலும் வழங்கும் மும்முனை ஆளுகையின் கணிதத்தை வகுத்தார்.

அம்முறையை ஒரு கணக்கப்பிள்ளையின் செயலால் விளக்கலாம். நல்ல கணக்கப்பிள்ளை மூன்றைப் பார்ப்பார்: இன்றைய குறை எவ்வளவு, நெடுநாளாகத் தீராது சேர்ந்துவரும் பாக்கி எவ்வளவு, குறை எவ்வேகத்திற் பெருகிவருகின்றது. முதலாவதை மாத்திரம் பார்ப்பவர்க்குச் சிறு பாக்கி என்றும் தீராது நிற்கும். இரண்டாவதில் அளவிறந்து ஊன்றுபவர் கடன் தீர்ந்தபின்னும் வசூலித்துக்கொண்டே இருப்பார். மூன்றாவதில் அளவிறந்து ஊன்றுபவர் சிறு சலசலப்புக்கும் பதறுவார். இம்மூன்றையும் உலைக்கேற்ற விகிதத்திற் கலப்பதே பொறியியலாளரின் திறமை.

இன்னொரு விதி நம் அடுப்படியிலிருந்தே பிறந்ததுபோலும். வலுவைக் கூட்டவேண்டின் முதலிற் காற்றைக் கூட்டி, அதன்பின்னரே நிலக்கரியைக் கூட்டுவர். குறைக்கவேண்டின் முதலில் நிலக்கரியைக் குறைத்து, அதன்பின்னரே காற்றைக் குறைப்பர். எக்கணத்திலும் காற்று மிகையாகவே நிற்கும். நிலக்கரி ஒருபோதும் காற்றை முந்தாது. ஊதுகுழலை முதலில் எடுத்துக் கொள்ளியைப் பின்பு செருகிய அன்னையர்க்கு இவ்விதியை எவரும் கற்பித்திலர்.

அசையாத முள்

பல்லாண்டுகளுக்கு முன், கொழும்பிலே ஒரு தொழிற்சாலையின் சிறு கொதிகலன் அருகே யான் பயிற்சிக்கு நின்றபோது கற்ற பாடமொன்று, நூல்களிற் கற்ற எதனிலும் ஆழமாகப் பதிந்துள்ளது. அமுக்கமானியின் முள் காலைமுதல் ஒரே இடத்தில் நின்றது. யான் அதனைக் கண்டு, உலை சீராக எரிகின்றது எனக் குறிப்பேட்டில் அழகாக எழுதிவந்தேன். தீ வளர்க்கும் முதியவர் ஒருவர் வந்தார், பள்ளிப்படிப்பு அதிகமில்லாதவர். முள்ளைச் சற்றே பார்த்துவிட்டு, "தம்பி, உயிருள்ளது அசையும். இது ஏன் அசையேல்லை?" என்றார். ஆராய்ந்தபோது, மானிக்குச் செல்லும் சிறு குழாய் அழுக்கால் அடைபட்டிருந்தது. காலையிற் சிறைப்பட்ட அமுக்கத்தையே முள் நாள் முழுதும் காட்டிநின்றது. கொதிகலத்தின் மெய்யான அமுக்கமோ காப்பு வால்வு திறக்கும் எல்லையை அண்மித்திருந்தது. அன்று எனக்கு நாணமும் அச்சமும் ஒருங்கே தோன்றின. யான் எழுதியவை அளவீடுகளல்ல, என் நம்பிக்கைகளே என்பதை அன்று உணர்ந்தேன்.

அம்முதியவரின் சொல் பேருலைகளுக்கும் பொருந்தும். புகைவழியின் சுவரிலே ஒரு வெடிப்பு உண்டாகி, அதனூடே வெளிக்காற்று உட்கசிகின்றது என்க. அதன் அப்பாலுள்ள ஒட்சிசன் கருவி, அக்கசிவுக் காற்றையும் சேர்த்து அளந்து, காற்று மிகை எனக் கூறும். கருவி பொய் சொல்லவில்லை. தன் முன்னுள்ளதையே சொல்கின்றது. ஆயின் அதனை நம்பிய ஆளுகை எந்திரம் காற்றைக் குறைக்கும். உலையினுள்ளே உண்மையிற் காற்றுப் பற்றாது காபனோரொட்சைட்டுப் பெருகும். இதனைக் காட்டிக்கொடுக்கக் காபனோரொட்சைட்டை அளக்கும் இரண்டாவது கருவி வேண்டும். ஒட்சிசனும் மிகுந்து காபனோரொட்சைட்டும் மிகுந்திருப்பின், கசிவை ஐயுறுக. எரிவாயில்களுக்குக் காற்றும் தூளும் சமமாகப் பங்கிடப்படுகின்றனவா என்பதையும் ஆராய்க.

இதனாலேயே உயிருக்கு இறுதியான அளவுகளுக்கு மூன்று கருவிகளை வைத்து, மூன்றில் இரண்டு ஒத்துரைப்பதை ஏற்பர். ஒரு கருவி பிழைத்தால் உலை வீணே நிற்பதில்லை. ஒரு கருவி உறங்கினால் ஆபத்து மறைவதுமில்லை.

இருளிலே கற்ற பாடம்

2020 ஆகத்து 17ஆம் திகதி கெரவலப்பிட்டி உபமின்னிலையத்தில் நேர்ந்த கோளாற்றினால் நாடு முழுவதும் இருண்டது. 2025 பெப்பிரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்னிலையத்திலே குரங்கொன்று பட்டதால் நேர்ந்ததெனக் கூறப்பட்ட கோளாறு மீண்டும் நாட்டை இருட்டிற்று. இரு முறையும் நுரைச்சோலை அலகுகள் நின்றன. இரு முறையும் அவை முழு வலுவுக்கு மீளப் பல நாட்கள் சென்றன. மக்கள் முறைவைத்த மின்வெட்டைப் பொறுத்தனர். கோளாறு வேறிடத்திலிருக்க நிலக்கரி உலை ஏன் நின்றது, நின்றது ஏன் உடனே எழவில்லை எனப் பலரும் சினந்து வினாவினர்.

மேலே கூறியவற்றைக் கற்றோர் விடையைத் தாமே உணர்வர். மின்வலை சரிந்தபோது விசிறிகளையும் நீர்ப்பம்பிகளையும் ஓட்டும் மின்னும் தளர்கின்றது. காற்றின்றி, நீரின்றி உலை எரியலாகாது. ஆதலின் காவற்கருவிகள் தீயை நிறுத்துகின்றன. அவை நிறுத்தாவிடின் நாம் இழப்பது சில நாள் மின்னன்று. கொதிகலனையும் அதனருகே நிற்போரையுமே. மீண்டும் மூட்டும்போது தடித்த உருக்குச் சுவர்களையும் சுழலியின் பெருந்தண்டையும் வெப்பவிணைகளின் சொற்படி மெல்ல மெல்லவே சூடாக்க வேண்டும். விரைந்தால் உலோகம் சமனின்றி விரிந்து பிளவுறும். ஆயினும், ஒரு மூலையிலே நேர்ந்த சிறு கோளாறு நாடு முழுவதையும் வீழ்த்தாவண்ணம் மின்வலையை அமைத்தல் வேறொரு கடமை. அதனைக் காவற்கருவியின் பெயராற் போக்குச்சொல்லி விடுதலும் தகாது.

சாம்பலைப் பற்றியும் ஒரு சொல். புகைபோக்கியின் குறுக்கே ஓர் ஒளிக்கற்றையைச் செலுத்தி, எவ்வளவு ஒளி மறைகின்றது என்பதைக் கொண்டு தூசின் அளவை அறியலாம். கந்தகவீரொட்சைட்டு, நைதரசன் ஒட்சைட்டுகள் ஆகியவற்றைத் தனித்தனிக் கருவிகள் அளக்கும். ஆயின் குவித்துவைத்த கரியிலிருந்தும் சாம்பலிலிருந்தும் காற்று வாரிச்செல்லும் தூசைப் புகைபோக்கிக் கருவி காணாது. நுரைச்சோலை அயலிலே பயிரிடும் மக்கள் இலைகளிலே தூசு படிவதாகப் பன்முறை முறையிட்டுள்ளனர். அவர்தம் முறைப்பாடும் ஓர் அளவீடே. கருவி வைக்காத இடத்திலே மனிதர் கூறுவதைக் கேட்டல் வேண்டும்.

முடிவுரை

மாணவர்காள், காற்றையும் வெயிலையும் கொண்டு மின் பிறப்பிக்கும் காலம் வளர்ந்துவருகின்றது. நிலக்கரி உலைகள் ஒருநாள் தெமட்டகொடைக் கொட்டகையின் நீராவி இயந்திரங்களைப் போல ஓய்வு பெறலாம். அப்போதும் இப்பாடம் பழுதாகாது. அரிசி ஆலையின் கொதிகலனாயினும், தேயிலைத் தொழிற்சாலையின் விறகுலையாயினும், மருத்துவசாலையின் ஒட்சிசன் கருவியாயினும், அளப்பவனுக்குரிய ஒழுக்கம் ஒன்றே. ஒரு கருவி எதனை அளக்கின்றது, எங்கே நின்று அளக்கின்றது, பிழைத்தால் எவ்வாறு பிழைக்கும், அதனைச் சோதிக்க வேறு சான்று யாது என்னும் நான்கு வினாக்களையும் கேளாது எவ்வெண்ணையும் குறிப்பேட்டில் எழுதற்க.

தூண்டுகோல் விளக்கினருகே கிடந்தாற் போதாது. தூண்டும் கை வேண்டும். அக்கைக்குக் கல்வி வேண்டும். கல்வியிருந்தும், முள் அசையாது நிற்கும்போது எழுந்துசென்று குழாயைத் தட்டிப்பார்க்கும் மனம் வேண்டும். எனக்கு அதனைக் கற்பித்த முதியவரின் பெயரை யான் கேட்டறியாதது இன்றும் என் குறையே.